மகளிர் உழவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அக்காவுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வீட்டுக்கே அனுப்பப்படும்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மண் பரிசோதனை முகாம் நடந்தது. அக்டோபர் 15 அன்று மகளிர் விவசாயிகள் தினத்தில் தேநீர் வழங்கப்பட்டது.

கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சங்கப் பணத்தை நான் இரும்பில் போட்டுவிட்டதாக ஒரு பேச்சு உலவுகிறது. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒற்றையாக நட்டு, பத்தாம் நாள் முதல் இக்கருவியை ஓட்டினால் களை சேற்றில் அமுங்கி உரமாகிறது, வேருக்குக் காற்று கிடைக்கிறது. குனிந்து களை பறித்து இடுப்பு ஒடிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இரண்டு வாங்கினோம். நடவு எல்லோருக்கும் ஒரே வாரம். பத்தாம் நாளும் அப்படியே. ஆகவே முறைப்பட்டியல் போட்டேன். அதில் கடைசி வயல் என்னுடையது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. என் முறை வந்தபோது ஒன்றில் உருளைப் பல் வளைந்திருந்தது. யார் வயலில் என்று நான் எழுதப்போவதில்லை.

மானியத்தில் வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். மானியத்துக்குப் போனால், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா கேட்டார்கள். அதில் கணவர் பெயர் இருக்கிறது, மாமனார் பெயர் இருக்கிறது, சிலருக்குக் காலமாகிவிட்ட மாமனார் பெயரே இன்னும் இருக்கிறது. நாற்று நட்டவள் பெயர் இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. பிறந்த வீட்டுப் பங்குக்கும் பட்டா மாற்றத்துக்கும் மனு எழுதித் தருகிறேன் என்று மார்ச்சில் அழைத்தேன். நால்வர் வந்தனர், அவர்களிலும் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கியவர். அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் எனக்கும் தெரியாததல்ல. நானும் ஓர் அண்ணனுக்குத் தங்கைதான்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது. கணக்கைப் பற்றி அதிகம் கேட்பவர்கள் சந்தா பாக்கிப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கலாம்.

இடம் தந்த பள்ளிக்கும், பாய் விரித்த பிள்ளைகளுக்கும், பொருளாளருக்கும் நன்றி.

2026ஆம் ஆண்டைப் பெண் விவசாயிகளுக்கான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. நம்மவர்கள் கூட்டத் தேதியை நினைவில் வைத்தாலே எனக்குப் போதும். இப்பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் நோட்டுகளை இன்றே தரத் தயார். வராவிட்டால், குறுவை நடவுக்குள் அந்தப் பல்லைச் சரிசெய்ய வேண்டும். பட்டறைக்காரர் முன்பணம் கேட்கிறார்.