கவுட் வந்தா பருப்பு மேல ஏன் பழி?

ஆசிரியருக்கு வணக்கம்.

யூரிக் ஆசிட்னு சொன்னாலே வீட்ல பருப்பு, கீரை எல்லாத்தையும் நிறுத்திடுறாங்க, ஆனா கவுட்டை (யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வர்ற வீக்கம், வலி) கிளப்பி விடுறது பெரும்பாலும் பீரு, ஈரல், நெத்திலி, மத்தி, ஆட்டுக்கறி, அப்புறம் இந்த பாட்டில் கூல்டிரிங்க்ஸ்தான். கால் பெருவிரல் வீங்கி போர்வை பட்டாலே உயிர் போற நேரத்துல யூரிக் ஆசிட் டெஸ்ட் எடுத்தா நார்மல்னு கூட வரும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு திரும்ப பாக்கணும். வலி போனதும் அலோபியூரினாலையும் நிறுத்திடுறாங்க பாருங்க, அங்கதான் கோபமே வருது, அது வலி மாத்திரையே இல்லீங்க, ரத்தத்துல யூரிக் ஆசிட்டை 6 mg/dL-க்கு கீழ வெச்சிருக்கத்தான் குடுக்கறது, ஆரம்பிச்ச புதுசுல வலி திரும்ப வரலாம், அதைத் தடுக்க டாக்டர் கோல்சிசின்னு ஒரு மாத்திரையும் சேர்த்துக் குடுப்பாரு. உங்க மருத்துவப் பக்கத்துல இதை ஒரு தடவை விளக்கமா போடுங்க சார்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்