தபால் பெட்டியில் பெயர் ஒட்டச் சொன்னவர்களுக்கு

ஜெர்மனியின் ஆகன் நகரத்து அன்பர்களுக்கு,

முதுகலைப் படிப்பு முடிந்து விடுதி அறைகளை ஒப்படைக்கிறோம். சாவியைக் கொடுப்பதற்கு முன் இந்த மடலை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் போகிறோம். நீங்கள் சொல்லித் தந்தவற்றையே நன்றியாகத் திருப்பி எழுதியிருக்கிறோம். அடுத்த அக்டோபரில் வருகிறவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் சீனியர் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும். பயணப் பெட்டியைத் திறப்பதற்கு முன் தபால் பெட்டியில் பெயர் ஒட்டு என்றீர்கள். வங்கி அட்டை, தனி உறையில் அதன் ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் இங்கே கடிதமாகத்தான் வரும். தபால்காரர் பார்ப்பது பெயரை மட்டுமே. பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அதிலும் நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், இரண்டு வருடமும் கடிதங்கள் அப்பாவை விளித்தே வரும். ஆகவே பெட்டியில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். வங்கி, பல்கலைக்கழகம், காப்பீடு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே வரிசையில், அதே எழுத்தில் பெயரைக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் முழுப்பெயர் என்று கொடுத்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே ஒரு மாதம் போய்விடும்.

அன்மெல்டுங் எனும் முகவரிப் பதிவைக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிப் படிவமும் வேண்டும். அந்தப் பதிவு நடந்தால்தான் வரி எண் வரும். எண் இல்லாமல் பகுதிநேர வேலைக்குப் போனால் உச்ச வரிப் பிரிவில் பிடித்துக்கொண்டுதான் சம்பளம் தருவார்கள். விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ (2024 செப்டம்பர் முதல் இதுதான் தொகை) போட்டிருந்தாலும் மாதம் 992 யூரோதான் வெளியே வரும். முதல் மாத வாடகையும் டெபாசிட்டும் அதற்கு முன்பே கேட்கப்படும் என்பதால் தனியாகப் பணம் கொண்டுவரச் சொன்னீர்கள். அந்த ஒரு வரி பலரைக் கடனிலிருந்து காப்பாற்றியது.

எல்லைக்கு அந்தப் பக்கம், நெதர்லாந்தின் வால்ஸ் ஊரில், மலிவாக அறை கிடைக்கிறது என்ற விளம்பரத்தைக் காட்டியபோது தலையை ஆட்டி மறுத்ததற்கும் நன்றி. பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஆனால் ஜெர்மன் விசா வைத்துக்கொண்டு அங்கே குடியிருக்க முடியாது. அதற்கு அந்த நாட்டின் தனி அனுமதி தேவை. அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்டு மலிவான தனியார் காப்பீடு எடுத்தால், படிப்பு முடியும்வரை மாணவர் கட்டணத்தில் அரசுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது என்பதையும் கையெழுத்துப் போடும் முன்னரே சொன்னீர்கள்.

விடுதியைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் ஐயாவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். ஜன்னலைச் சாய்த்துத் திறந்து வைப்பது காற்றோட்டம் ஆகாது என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் அறை அறையாக வந்து விளக்கினார். அரை மணி நேரம் சாய்த்து வைத்தால் ஜன்னலோரச் சுவர் மட்டும் குளிர்ந்துபோகும். சோறு வடித்த நீராவியும் கொடியில் காயும் துணியின் ஈரமும் அந்தக் குளிர்ந்த மூலையில் படியும். இரண்டே வாரத்தில் கறுப்புப் பூஞ்சை. போகும்போது டெபாசிட்டில் கைவைப்பார்கள். அவர் சொன்ன முறை இது: ஒரு நாளைக்கு மூன்று முறை ஜன்னலை முழுவதும் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விட வேண்டும். திறக்கும் முன் ஹீட்டர் குமிழை அணைக்க வேண்டும், இல்லையென்றால் குளிரை உணர்ந்த வால்வு முழுதாகத் திறந்துகொண்டு தெருவைச் சூடாக்கும். குமிழில் 3 என்பது சுமார் 20 டிகிரி. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, அளவுக்கு மீறித்தான் சூடாகும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு கையளவு தள்ளி வைக்க வேண்டும்.

தாளிப்பு விஷயத்தில் அவர் காட்டிய பொறுமையை எந்த ஊரிலும் பார்க்க முடியாது. கடுகும் காய்ந்த மிளகாயும் கருகிப் புகை எழுந்தால் நம் கை தானாக அறைக்கதவைத் திறக்கும். அதுதான் தவறு. புகை நடைக்கூடத்துக்குப் போய் அங்குள்ள புகை உணரும் கருவியை எழுப்பினால் கட்டிடம் முழுக்க அலறும், தீயணைப்பு வண்டியும் வரக்கூடும். கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, வாணலியை மூடிபோட்டு மூட வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. புகை உணரும் கருவியைப் பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்தவர்களை மட்டும் அவர் மன்னிக்கவில்லை; அது சரிதான்.

பொதுச் சமையலறையைப் பகிர்ந்துகொண்ட பிற நாட்டு நண்பர்களுக்குக் குப்பைக்காக நன்றி. காய்கறித் தோலை உயிர்க்கழிவுத் தொட்டியில் போடலாம், அது கட்டிவந்த பிளாஸ்டிக் பையைப் போடக்கூடாது. கண்ணாடிப் புட்டியை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரிக்கும்போது நீல நிறம் வந்தால் பச்சையில் சேரும். ஞாயிற்றுக்கிழமை புட்டிகளைத் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பக் கூடாது. திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் முன்பணம் திரும்பக் கிடைக்கும் பானக் கேனை நசுக்கிவிட்டால் இயந்திரம் முத்திரையைப் படிக்காது. மறுபயன்பாட்டுப் புட்டிக்கு 8 அல்லது 15 சென்ட். இயந்திரம் தரும் சீட்டைக் கல்லாவில் கொடுக்க மறப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

வீட்டுக்கு வீடு வாங்கும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்தின் நுணுக்கத்தை விளக்கியதும் அதே சமையலறைதான். மாதம் 18.36 யூரோ ஒரு வீட்டுக்கு ஒன்று. நான்கு பேர் ஒரே வாசற்கதவுக்குள் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைத் தெரிவிக்கலாம். எங்கள் விடுதியைப்போல் பொது நடைக்கூடத்திலிருந்து அறைகள் திறந்தால் ஒவ்வொரு அறையும் ஒரு வீடு. கடிதத்தைப் பார்க்காததுபோல் இருந்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

மளிகைக்கடை அண்ணை! யாழ்ப்பாணத்து வறுத்த தூளைச் சாம்பாரில் போட்டுக் கறுப்பாக்கியவர்களைப் பார்த்துச் சிரிக்காமல், எந்தத் தூள் எதற்கு என்று பிரித்துக் காட்டினீர்கள். மாவு புளிக்காத குளிர்காலத்துக்கு வழி சொன்னதும் நீங்கள்தான். சூடேற்றாமல் ஓவனின் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் ஒரு ராத்திரியில் பொங்கும், ஹீட்டர் மேல் வைத்தால் மேலே ஏடு காய்ந்து அடியில் புளிக்காமல் கிடக்கும். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு மாணவர் பயணச்சீட்டே போதும் என்றீர்கள். ஆகனில் ஏறும் ஆர்இ 1 வண்டி ஹாம் வரை போகிறது, அங்கிருந்து பஸ். விரைவு ரயிலான ஐசிஇயில் அந்தச் சீட்டோடு ஏறினால் அபராதம்.

வெளிநாட்டினர் அலுவலகத்துக் கவுன்டரில் இருந்த அம்மையாருக்கு: ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று மூச்சு வாங்கவைக்கும் பெயருள்ள இடைக்காலச் சான்றில், எந்தக் கட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னீர்கள். ஒரு கட்டம் இருந்தால் திரும்பி வரலாம், இன்னொன்று இருந்தால் முடியாது. விசா முடியும் முன் விண்ணப்பித்தால்தான் அந்தத் தாளே பேசும்.

துறை மாணவர் குழுவினருக்குப் பழைய வினாத்தாள்களுக்காக நன்றி. ஆண்டுக்கு 140 முழுநாள் வேலை என்பது குடியேற்ற விதி, பாடக்காலத்தில் வாரம் 20 மணி என்பது காப்பீட்டு விதி, இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும் என்று சொன்னதற்கும்.

நாளை அறைகளைப் பார்வையிட வருகிறார்கள். குளிர்பெட்டியின் பனி உருகிவிட்டது, முதல்நாள் எடுத்த சுவர்ப் படங்கள் கையில் இருக்கின்றன. சமையலறை மேல்தட்டில் மூன்று லிட்டர் எவர்சில்வர் குக்கர் இருக்கும். இண்டக்‌ஷனிலும் வேலை செய்யும், கேஸ்கெட் புதிது. மிக்ஸிக்கு எர்த் முனை உள்ள அடாப்டரைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். இரண்டு முனை அடாப்டரை யாரும் அதில் மாட்ட வேண்டாம்.

நன்றியுடன்,
மூன்றாம் மாடிச் சமையலறையிலிருந்து விடைபெறுபவர்கள்