கம்பியும் கொக்கியும்

ஆசிரியருக்கு,

மாசி மாதம் சுவிஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பனிமலைக்கு ஏறும் கதிரை லிஃப்டில் நாலு பேர் அமர்ந்தோம். வெளிக்கிட்டதும் ஓரத்தில் இருந்த பெரியவர், கீழே விழாமல் தடுக்கத் தலைக்கு மேலிருந்து முன்னால் இறக்கும் பாதுகாப்புக் கம்பியைப் பிடித்து, ‘கம்பியை இறக்குகிறேன்’ என்று சொல்லி, எல்லோரும் தலையைப் பின்னே இழுக்கும்வரை பொறுத்து, பிறகே இறக்கினார். சொல்லாமல் இறக்கினால் பக்கத்தில் இருப்பவர் மண்டையில்தான் விழும். யாரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று பார்க்கவில்லை.

போன ஞாயிறு நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகேறினோம். உயிர்காப்பு அங்கி தந்தார்கள், சரி. கொக்கியைப் பூட்டியது என் மகள் மட்டும்தான். ஒரு தம்பி அங்கியை மடித்து மெத்தையாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். ‘ஒரு கிலோமீற்றர்தானே, ஏன் தங்கச்சி?’ என்று இன்னொருவர் சிரிக்க, அவளும் கழற்றப் பார்த்தாள். பூட்டாத அங்கி தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலால் கழன்றுவிடும். 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் அக்கரைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்ததும் சின்னத் தூரத்தில்தான்.

கயிற்றை அவிழ்க்கும் முன் படகோட்டி ஒருதரம் ‘எல்லாரும் பூட்டியாச்சா?’ என்று கேட்கலாமே. கேலி பண்ணுகிறவரும் அப்போது குனிந்து கொக்கியைத் தேடுவார்.

ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை