பெரியம்மாவுக்கு, பேரன் விஷயமாக

பெரியம்மா,

போனில் சொன்னால் பாதியிலேயே "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, வெச்சர்றேன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். அண்ணனைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஊர் பேர் எதுவும் போடவில்லை, அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டாளே என்று கோபிக்க வேண்டாம். ஈரோட்டில் என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பல பிள்ளைகளின் வீட்டில் உங்களைப் போலவே பாசமும் பிடிவாதமுமாக ஒரு அப்பத்தா இருக்கிறார். அவர்களும் படிக்கட்டும்.

பேரனுக்கு ஆட்டிசம், அதாவது மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு விதமாக வளர்கிற நிலை, இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டலாம் என்றால், "அவிங்கப்பனும் மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல" என்கிறீர்கள். நிஜம்தான், அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாமதமாகப் பேச ஆரம்பித்து, அப்புறம் வாய் ஓயாத பிள்ளைகள் எத்தனையோ உண்டு. ஆனால் பேசாத அந்த வயதில் அண்ணன் எப்படி இருந்தார் என்பதையும் அம்மா சொல்லியிருக்கிறார். ஏரோப்ளேன் போனால் விரலை நீட்டிக் காட்டுவாராம், நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாராம். நான் பேரனிடம் தேடியது அதைத்தான். பேச்சு வராததைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

போன தடவை கோயில் பொங்கலுக்கு வந்திருந்தபோது அவனுக்குத் தயிர் வேண்டியிருந்தது. உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், உங்கள் கையை பிரிட்ஜ் கதவின் கைப்பிடியில் வைத்தான். ஒரு தடவைகூட உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "பாரு, எத்தன சூட்டிப்பு" என்று பெருமைப்பட்டீர்கள். சூட்டிப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் விரல் நீட்டிக் காட்டுவது ஒன்றேகால் வயதுக்குள் வந்துவிட வேண்டும். ஒரு வயதுப் பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். இவனுக்கு இரண்டரை ஆகிவிட்டது.

அன்று தறிக்குடோனிலும் அவனைக் கவனித்தேன். நூல் சுற்றாத ஒரு காலித் தார்க்கட்டையைத் தரையில் சுழற்றிவிட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, அது நிற்கும்வரை பார்த்தான். நின்றதும் மறுபடி சுழற்றினான். அத்தனை தறி ஓடுகிற சத்தம் அவனை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினான். நீங்கள் அதைப் பயம் என்று நினைத்து மந்திரிக்கச் சொன்னீர்கள். தறிச் சத்தம் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டே இருப்பது, அவனுக்குப் பழகியது. விசில் எப்போது வரும் என்று தெரியாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்குத் திடீர்ச் சத்தம், சட்டையின் காலர் உறுத்தல், சில சாப்பாட்டின் வழவழப்பு எல்லாம் நமக்குப் படுவதைவிடப் பல மடங்கு அதிகமாகப் படும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைத்தது அண்ணி சொன்ன ஒன்று. ஒன்றரை வயதில் "தண்ணி", "காக்கா" சொன்னானாம், அப்புறம் அது நின்றுபோனதாம். எந்த வயதாக இருந்தாலும் சரி, வந்த சொல் போய்விட்டால் அதற்கு மேல் ஒரு வாரம்கூடப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

இதனால் ஆட்டிசம்தான் என்று நான் முடிவு கட்டவில்லை. அது மருத்துவர் சொல்ல வேண்டியது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க 'பெரா' என்று ஒரு சோதனை செய்வார்கள். பிள்ளையைத் தூங்க வைத்துச் செய்வது, வலிக்காது. ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளை விளையாடுவதைப் பார்த்து, வளர்க்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் சொல்வார்கள். அதனால் யாராவது முதல் நாளே கட்டுக் கட்டாக டெஸ்ட் எழுதிக் கொடுத்தால், எது எதற்கு என்று கேளுங்கள்.

அடுத்து அண்ணி விஷயம். "செல்லைக் கையில குடுத்துக் கெடுத்துட்டா" என்று விருந்தாளிகள் முன்னால் சொன்னீர்கள். அவர் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. பெற்றவளைக் குற்றம் சொல்வது இந்த விஷயத்தில் பழைய கதை, பெரியம்மா. 1943ல் லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் இந்தப் பெயரே பரவலானது. அதற்குப் பின் இருபது வருடம், தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று படித்த டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1964ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அதை ஆதாரத்தோடு மறுத்தார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்குத் தகப்பன். 1977ல் பிரிட்டனில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்ததில் இது பெரும்பாலும் மரபணு சார்ந்தது என்று தெரிந்தது. பல மரபணுக்கள் சேர்ந்து, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே மூளை வளர்கிற விதத்தை மாற்றுகின்றன. குறைப்பிரசவம், பெற்றோரின் வயது, கர்ப்ப காலத்தில் எடுத்த சில வலிப்பு மருந்துகள் இவையும் வாய்ப்பைக் கூட்டும். மரபணு என்றதும் இது எந்தப் பக்கத்து வழி என்று ஆராயக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அப்படி ஒரு பக்கத்தைக் கை காட்ட முடியாது.

செல்போன் ஆட்டிசத்தைக் கொண்டு வராது. ஆனாலும் குறைக்கத்தான் வேண்டும். அவன் அதைப் பார்க்கிற ஒவ்வொரு மணி நேரமும் யாரோ அவனோடு பேசியிருக்க வேண்டிய நேரம். "நீ பேசு" என்று அண்ணியிடம் மட்டும் சொல்லாமல் வீட்டில் எல்லாரும் பேசுங்கள். பெரியப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேரனின் தங்கைக்கு, சின்னவளுக்கு, ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசி போடவில்லை என்றும் கேள்விப்பட்டேன். தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற வாட்ஸ்அப் செய்தியின் மூலம், 1998ல் வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. 2010ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய டாக்டர் உரிமமும் போனது. டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை அலசி 2019ல் வெளியிட்டார்கள். ஒரு தொடர்பும் இல்லை. ஊசியைப் போட்டுவிடுங்கள். இன்னொன்று, மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் என்றால் அடுத்த பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல். பெண் பிள்ளைகளிடம் அது சட்டென்று கண்ணிலும் படாது. அவளையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மருந்து உண்டா என்று கேட்பீர்கள். ஆட்டிசத்தையே போக்கும் மாத்திரை இல்லை. கடுமையான கோபம், வலிப்பு, தூக்கமின்மை இருந்தால் அதற்குத் தனியாகக் கொடுப்பார்கள். மற்றபடி எல்லாம் பயிற்சிதான், பேச்சுக்கு ஒருவர், கை கால் வேலைக்கும் புலன்களுக்கும் ஒருவர். என்ன செய்வோம் என்றால், அந்த பிரிட்ஜ் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் உங்கள் கையை இழுத்ததும் கதவைத் திறக்காமல், அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, அவன் விரலைப் பிடித்துத் தயிர்க் கிண்ணத்தைக் காட்ட வைத்து, "தயிர்" என்று ஒரே சொல் சொல்லி, உடனே கொடுத்துவிட வேண்டும். தயிர்ப் படம் போட்ட அட்டையும் தரலாம். படம் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்பது வீண் பயம். என்னிடம் பயிற்சிக்கு வந்தாலும் அது வாரத்தில் இரண்டு மணி நேரம்தான், மீதி நேரம் அவன் உங்களோடு இருக்கிறான். இதைக் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் ஆள் நீங்கள்.

கயிறு கட்டுங்கள், முருகனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன். நாக்கில் வசம்பு தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்டெம் செல் என்ற மூல உயிரணுவைப் போட்டால் குணமாகும் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியமே 2022ல் சொல்லிவிட்டது.

"நாளைக்கு ஊர்ல பேரு என்னாகும்?" என்றீர்கள். டெம்பிள் கிராண்டின் என்று அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஒரு பெண்மணி. மூன்றரை வயது வரை பேச்சில்லை, ஆனால் இரண்டரை வயதிலேயே பயிற்சி தொடங்கிவிட்டார்கள். பின்னால் கால்நடை அறிவியல் பேராசிரியராகி, மாடுகள் மிரளாமல் நடந்துபோகும் வளைந்த பாதைகளை வடிவமைத்தார். காங்கேயம் காளையைப் பிடித்துப் பழகிய பெரியப்பாவுக்கு அதன் அருமை தெரியும். எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆகிவிட மாட்டார்கள், சிலருக்குக் கடைசிவரை துணை வேண்டியிருக்கும். எதுவானாலும் ஐந்து வயதில் தொடங்குவதைவிட இப்போது தொடங்குவது அவனுக்கு நல்லது.

அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்ற மையத்தில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு பயிற்சி தருகிற இடம் அது, இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆட்டிசம் என்று உறுதியானால் 40 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை வைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. அதை வைத்து யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், வருடத்துக்கு 1 லட்சம் வரை 'நிரமயா' மருத்துவக் காப்பீடும் வாங்கலாம். அந்த அலைச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை அந்த மையத்துக்குப் போகிறோம். அன்று தறிக்கு லீவு விட முடியாது என்றால் அண்ணன் வராவிட்டாலும் பரவாயில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிடுங்கள், மருத்துவமனையில் சீட்டு போடும் இடத்தில் நான் நிற்பேன். தடுப்பூசி அட்டையும், அவன் விளையாடுகிற வீடியோ இரண்டு மூன்றும் எடுத்து வாருங்கள். ஒரு தார்க்கட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், காத்திருக்கும்போது அழ மாட்டான். அண்ணியைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவன் எப்போது குப்புற விழுந்தான், எப்போது நடந்தான், எந்தச் சொல் எப்போது நின்றது என்று டாக்டர் கேட்பதற்கெல்லாம் அவர்தான் பதில் சொல்ல முடியும். அவர் பேசும்போது நீங்கள் குறுக்கே பேசக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.