கீட்டோவில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நாற்காலியை விட்டு எழுந்தவன் பீரோவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். அப்புறம் நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டாய். சரி. அப்பா பக்கத்தில் இருந்ததால் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே எல்லோரும் நலம். மாமா வீட்டுப் பால்காய்ச்சு முடிந்தது. சித்தி வழக்கம்போலத்தான். அதை விடு.

நர்ஸம்மா ஆரம்பித்துவிட்டாள் என்று நினைக்காதே. சோறு, மாவுச்சத்தை ஒதுக்கிக் கொழுப்பை ஏற்றிச் சாப்பிடுகிற இந்தக் கீட்டோ, 1920களில் வலிப்பு வரும் பிள்ளைகளுக்கென்று டாக்டர்கள் வகுத்த பத்தியம். கிராம் கணக்கில் நிறுத்து, ஆள் வைத்துப் பார்த்துக் கொடுப்பது. சோற்றை நிறுத்தினால் முதல் வாரம் இறங்குகிற எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஈரலிலும் தசையிலும் இருக்கும் மாவுச்சத்து கரையும்போது கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உப்பும் போகும். அதனால்தான் எழுந்தால் கண்ணை இருட்டுகிறது. எலுமிச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடி.

நீ விக்ரமைச் சொல்வாய். 'சேது'வுக்கு மொட்டையடித்து உடம்பை உருக்கினார், 'ஐ' படத்துக்கு எலும்பும் தோலுமானார் என்பாய். பரமக்குடியில் இருக்கிறவளுக்கே விக்ரம் கதையா? அவர் அப்பா நம்ம ஊர்க்காரர். விக்ரம் கல்லூரிக் காலத்தில் விபத்தில் கால் நொறுங்கி, ஆபரேஷன் மேல் ஆபரேஷனாகி, கட்டிலும் ஊன்றுகோலுமாக வருஷக்கணக்கில் கிடந்தவர். முதல் படம் வந்தது 1990இல், 'சேது' வந்ததோ 1999 டிசம்பரில். நடுவில் அடுத்தவர்களுக்குக் குரல் கொடுத்தார். 'அமராவதி'யில் அஜித் பேசுவதும், 'காதலன்' படத்தில் பிரபுதேவா பேசுவதும் அவர் குரல்தான். வேஷம் வரும்வரை டப்பிங் பேசியும் பிழைத்திருக்கிறார், தம்பி. அப்படி ஊருக்கெல்லாம் பேசின மனுஷனுக்கு, வசனமே இல்லாத மாதிரியான 'பிதாமகன்' வேஷத்துக்குத்தான் தேசிய விருது கிடைத்தது. நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அவர் இளைத்தது கைக்கு வந்த வேஷத்துக்காக. யாரும் இன்னும் கொடுக்காத வேஷத்துக்கு நீ இளைக்கிறாய். 'ஐ'யில் அந்தக் கூன் உருவம்கூட நியூசிலாந்து வீட்டா வொர்க்ஷாப் ஆட்களின் ஒப்பனை. எல்லாம் உடம்பை வருத்தி வந்ததில்லை.

உனக்கு நடிப்பு வராது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, அதைச் சொன்னது வேறு ஆள். உன் குறும்படத்தில் டிபன் கேரியரைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாயே, அதை எதிர்வீட்டு அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அழுதுவிட்டாள். அப்பாவும் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து முழுதாகப் பார்த்தார்.

பொங்கலுக்குக் கொடுத்துவிட்ட நெய் பாட்டில் உன் தலைக்குப் பின்னால் அலமாரியில் தெரிந்தது. ஒழுகாமல் இருக்க மூடியில் நான் சுற்றின டேப் அப்படியே இருக்கிறது. நெய், பாதாம், பனீர் என்றுதான் மூன்று வேளையும் போகிறது என்கிறாய். பாதாம் என்ன விலை விற்கிறது என்று எனக்கும் தெரியும். வளசரவாக்கத்தில் வாடகை என்ன என்றும் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். தங்கச்சி வளைகாப்புக்குச் சட்டை எடுக்க. சட்டைதான் எடுக்க வேண்டும் என்றில்லை.

வியாழன் ராத்திரி பஸ்ஸில் பார்சல் போடுகிறேன், வெள்ளி காலை கிளாம்பாக்கத்தில் போய் வாங்கிக்கொள். நெத்திலிக் கருவாடு உன் கீட்டோவுக்கு ஆகும். பருப்புப்பொடி ஆகாது, அதையும் வைத்திருக்கிறேன். போகிற வழியில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போ. உப்புப் போட்டுக் குடி. பேச முடியாவிட்டால் பேச வேண்டாம், ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா