சந்துல நிக்கிற வேனும் நீ போட்ட மெசேஜும்

ராசா,

போன்ல பேசுனா நீயும் கத்துற நானும் கத்துறேன், நடுவுல அப்பச்சி டிவி சவுண்ட கூட்டி வச்சுர்றாக, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா தான் இருக்கும், ஆபீஸ்ல வச்சு படிக்காத, ராத்திரி சாப்பிட்டுட்டு படி.

நம்ம வீட்டுக்கும் பக்கத்து சித்தப்பா வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல ஹோட்டல்காரவுக வண்டிய நிறுத்தி நம்ம வழிய மறிக்கிறாகள்ல, அதப் பத்தி தான். பங்காளி குரூப்புல "இரும்பு போஸ்ட் நட்டு பூட்டு போடுறேன், எவன் வர்றான்னு பாக்குறேன்"னு போட்டியே, அது எனக்கு பெருசா படல. கோவம், உங்க ஐயாகிட்ட இருந்து வந்தது, அவுக தந்தி அடிச்சு சண்ட போட்டாக நீ வாட்ஸ்அப்ல போடுற. ஆனா அதுக்கு முந்தி நல்ல பிள்ளையா அந்த ஹோட்டல் மேனேஜருக்கு ஒண்ணு அனுப்பிருக்க பாரு, "உங்களுக்கு சிரமம் இல்லேன்னா எங்க வீட்டு கார் அந்த வழியா போக அனுமதி குடுத்தா நல்லாருக்கும் சார்"னு. அத நீ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பி, "பாருங்க எவ்வளவு மரியாதையா கேட்டேன்"னு வேற போட்டிருக்க. நான் அப்பச்சிகிட்ட காட்டுனேன். படிச்சு முடிச்சுட்டு கண்ணாடிய கழட்டி வச்சாக. "இவன யாரு அனுமதி கேக்கச் சொன்னது"ன்னாக. அன்னிக்கு பூரா வேற பேச்சே இல்ல.

மரியாதையா பேசு, வேண்டாங்கல. அவன் ஆச்சின்னு கூப்பிட்டா நானும் வாங்க தம்பின்னு தான் சொல்றேன். ஆனா நம்ம பாத்தியத்த, அதான் அந்த வழியா போற உரிமைய, நாமளே போயி தயவா கேக்கக்கூடாது, கேட்டா அது அவன் குடுத்த சலுகையா ஆயிரும். இத நான் சொல்லல, தேவகோட்டை கோர்ட்ல காலம் பூரா வக்கீல் குமாஸ்தாவா இருந்த மனுசன் சொல்றாக.

விசயத்த மொதல்ல இருந்து சொல்றேன், நீ பாதி தெரிஞ்சுக்கிட்டு குதிக்கிற.

மெட்ராஸ் சித்தப்பா அந்தப் பக்கத்து வீட்ட ஹோட்டல்காரங்களுக்கு லீசுக்கு விட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பூட்டிக்கெடந்து ஓடு சரிஞ்சு, தூணையும் நிலையையும் பிடுங்கி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடையில வித்துட்டு வெறும் செவுரா நிக்கிற வீடு நம்ம பள்ளத்தூர சுத்தி எத்தன இருக்கு. அதுக்கு இது தேவல. லைட் எரியுது, வாசல்ல கோலம் போடுறாக, வெள்ளக்காரங்க வந்து ஆத்தங்குடி கல்ல குனிஞ்சு குனிஞ்சு போட்டோ எடுத்துட்டு போறாக, ஊர்ல நாலு பொம்பளைங்களுக்கு வேல கெடச்சிருக்கு. பிரச்சனை அவுக வண்டிய நிறுத்துற இடம் தான். முன் தெருவுல நிறுத்துனா வெயில்னு சொல்லி சந்துக்குள்ள விட்டுர்றாக. சந்து ரெண்டு வீட்டு நெழல்லயும் இருக்குல்ல, டிரைவருக்கு சொகம், ஏசிய போட்டுட்டு சீட்ட சாச்சு தூங்குறான். சூட்டிங் வந்தா கேக்கவே வேணாம், கேரவனு, ஜெனரேட்டரு, தரையெல்லாம் மலப்பாம்பு மாதிரி கேபிளு.

போன மாசம் அப்பத்தாவ கண்ணாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக ஆட்டோ சொல்லிருந்தேன். ஆட்டோ பின்கட்டு வாசலுக்கு வர முடியல, டெம்போ டிராவலர் குறுக்க நிக்குது. அப்பத்தாவால முன்வாசல் படி எறங்க முடியாது, உனக்கு தெரியும், அதனால தான் பின்னாடி. அந்த வேனுக்கும் செவுருக்கும் நடுவுல நான் ஒருக்களிச்சு போயி கண்ணாடிய தட்டி எழுப்புனா, அந்த டிரைவர் பையன் பதறி எந்திரிச்சு வண்டிய ரிவர்ஸ் எடுத்தான் பாரு, சைடு மிரர் நம்ம செவுத்துல கீச்சுன்னு ஒரு முழம் இழுத்துட்டு போச்சு. உள்பக்கம் மாதிரி பளபளன்னு இல்லாட்டியும் அதுவும் கடுக்காத்தண்ணி விட்டு அரைச்ச சுண்ணாம்பு தானே ராசா. மறுநா வெள்ளன பாத்தா எவனோ சிமிண்ட்ட அப்பிட்டு போயிருக்கான். சுண்ணாம்பு மேல சிமிண்ட் நிக்குமா, மழையில ஈரம் கோத்து பொத்துன்னு பேந்துரும். அவுகள பொறுத்தவரைக்கும் சரி பண்ணிட்டாக.

சரி, பத்திரத்துக்கு வர்றேன். சர்வேயர கூப்பிட்டு அளந்து கல் போடுங்கன்னு நீ சொல்லிக்கிட்டே இருக்க. அளந்தா என்ன காட்டும் தெரியுமா, சந்து அவுக பக்கம்னு தான் காட்டும். ஏன்னா மண்ணு அவுக பங்குல தான் விழுந்திருக்கு. ஐயாவும் அவுக தம்பியும் பண்ணிக்கிட்ட பாகப்பிரிவினை பத்திரத்த அப்பச்சி பீரோவுல இருந்து எடுத்து படிச்சு காமிச்சாக, மண்ணு தம்பி பங்கு, அதுல "ஆள், மாடு, வண்டி போக வர பாத்தியம்" நமக்கு. அவ்வளவுதான். பட்டா, சர்வேயர் வச்சிருக்க எஃப்எம்பி அளவு வரைபடத்துல இந்த பாத்தியமெல்லாம் வராது, பத்திரத்துல தான் இருக்கும். அந்த மேனேஜர் "எங்க எடம் ஆச்சி"ன்னு சொல்றதுல பாதி நெசம். நீ போஸ்ட் நட்டேன்னு வையி, அடுத்தவுக மண்ணுல குழி தோண்டுன ஆளா நீ தான் நிப்ப, அவுக தான் கோர்ட்ல நம்ம மேல இஞ்சங்ஷன், அதான் தடை உத்தரவு, வாங்குவாக. இவ்வளவு நாளா அவுக மேல இருந்த தப்பு ஒரே ராத்திரில நம்ம மேல வந்துரும்.

இப்ப நீ கேப்ப, பத்திரத்துல தான் இருக்கே, நான் அனுமதி கேட்டா என்ன கெட்டுப்போச்சுன்னு. நானும் கேட்டேன். அப்பச்சி சொன்னாக, பத்திரத்துல இருக்கிறது உன் ஒரு மெசேஜ்ல அழிஞ்சுறாது, ஆனா எதிர் வக்கீல் "வண்டின்னா அப்ப மாட்டுவண்டி தானே, கார்னு எங்க இருக்கு"ன்னு நூல் பிடிப்பாரு. அப்ப நமக்கு கை குடுக்கிறது 1882 ஈஸ்மெண்ட் சட்டம், அடுத்தவுக மண்ணுல நமக்கு இருக்கிற வழி மாதிரி பாத்தியத்த பத்தினது. இருபது வருசம் யாரும் மறிக்காம, ஒளிச்சு மறச்சு இல்லாம, சண்ட இல்லாம, எங்க உரிமைன்னு ஒரு வழிய பயன்படுத்தியிருந்தா அது பாத்தியமாவே ஆயிரும். ஐயாவோட அம்பாசடர் அந்த சந்து வழியா தானே கார் செட்டுக்கு போச்சு, அதுக்கு அப்புறம் அப்பச்சியோட மாருதி, இப்ப உன் கார். இருபது இல்ல, அதுக்கு மேலயே இருக்கு. ஆனா "உரிமைன்னு" போயிருக்கணும், அவுக அனுமதிச்சு போனதா இருந்தா நூறு வருசம் போனாலும் கணக்குல வராது. அந்த எடத்துல தான் உன் "அனுமதி குடுத்தா நல்லாருக்கும் சார்" வந்து உக்காருது. வீடு வேற செட்டில்மெண்ட் பண்ணி இப்ப உன் பேர்ல இருக்கு, வீட்டோட பாத்தியமும் சேந்து உன்கிட்ட வந்துருச்சு, அப்ப நீ எழுதுறது வீட்டுக்காரன் எழுதுறது.

இன்னொண்ணும் சொன்னாக. அவுக நடுவுல மறிச்சாலே இருபது வருச கணக்கு அறுந்துறாதாம். மறிக்கிறாகன்னு தெரிஞ்ச பிறகு ஒரு வருசம் நாம ஒத்துக்கிட்டு பேசாம இருந்தா தான் அது தடைன்னு சட்டத்துல ஆகும். அதனால வாயால மட்டும் சொல்லாம எழுத்துல ஆட்சேபணை போயிருக்கணும், அக்னாலெட்ஜ்மெண்ட் திரும்பி வர்ற மாதிரி தபால்ல. ஆட்சேபணைன்னா திட்டுறது இல்ல. இன்ன தேதி, இன்ன வண்டி, இந்த வழி எங்க பாத்தியம், மறிக்காதீங்க. நாலு வரி போதும்.

போலீசுக்கு போகச்சொன்ன. அதுக்கும் அப்பச்சி சிரிச்சாக. ரோட்ட மறிச்சா வேற, இது தனிப்பட்ட வழி. வழிமறிக்கிறது குத்தம்னு புது கிரிமினல் சட்டத்துல, பாரதிய நியாய சன்ஹிதாவுல, 126ஆம் பிரிவு இருக்கு, ஆனா அதுலயே ஒரு விதிவிலக்கு, தனியார் வழிய மறிக்க எனக்கு உரிமை இருக்குன்னு ஒருத்தன் நல்லெண்ணத்தோட நம்பி மறிச்சா அது குத்தம் இல்ல. மண்ணு அவுகளதுன்னு பட்டாவ நீட்டுனா போதும், ஸ்டேஷன்ல சிவில் மேட்டர், கோர்ட்டுக்கு போங்கன்னு தான் சொல்லுவாக. அப்படி சொல்றது தப்பும் இல்ல.

கோர்ட்டும் நமக்கு புதுசு இல்ல, போனா எப்படின்னும் தெரியும். உறுத்துக்கட்டளை, அதே இஞ்சங்ஷன் தான், கேட்டு கேஸ் போட்டு, கோர்ட் அனுப்புற வக்கீல் கமிஷனர வரச்சொல்லி மனு போட்டா அவரு வந்து பாத்து அளந்து பிளானோட ரிப்போர்ட் குடுப்பாரு. ஆனா அப்பச்சி எத்தன சந்து கேஸ் பாத்திருக்காக, கேஸ் போட்ட ரெண்டு பேருமே போயிச்சேந்து பிள்ளைங்க வாய்தாவுக்கு நின்னத பாத்தவுக. அப்படியே போனாலும் நடுவுல லோக் அதாலத்துல, அதான் சமரச கோர்ட்டுல, பேசி முடிச்சுக்கலாம், கட்டுன கோர்ட் ஃபீஸ் திரும்பி வந்துரும், அதுமேல அப்பீலும் கெடையாது. அது கையில இருக்கட்டும், இப்ப வேணாம்.

நான் என்ன பண்ணேன்னா, மேனேஜரோட மல்லுக்கு நிக்காம மெட்ராசுக்கு போன் போட்டேன். அந்தப் பையன் பாவம், திருச்சிப் பக்கத்துல இருந்து வந்து சம்பளத்துக்கு இருக்கான், மேல இருந்து சொன்னத செய்யிறான். சித்தப்பாகிட்ட, "அண்ணன் தம்பி பிரிச்சுக்கிட்டப்ப எழுதுனது உங்ககிட்டயும் ஒரு காப்பி இருக்கும், எடுத்து படிங்க, லீசுல ஹோட்டல்காரவுகளுக்கு சந்துல பார்க்கிங்னு எழுதி குடுத்திருக்கீகளா"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "அப்படியெல்லாம் எழுதலயே"ன்னாக. எழுதியிருந்தாலும் செல்லாதுங்கிறது வேற விசயம், வழிய மறிக்கிற உரிமை தனக்கே இல்லாதப்ப அத அவுக எப்படி இன்னொருத்தருக்கு குடுக்க முடியும். ஆனா அத நான் சொல்லல. முன்னோருக்கு படைக்கிற படைப்புக்கு எல்லாரும் ஒரே பந்தியில உக்காரணும்ல.

அடுத்த வாரமே மேனேஜர் வந்தான், கையில ஹோட்டல் ஸ்வீட் பாக்ஸ். நானும் சூடா கந்தரப்பம் வச்சு குடுத்தேன். பின் தெருவுல சித்தப்பாவோட பொட்டல் சும்மா முள்ளு மண்டி கெடக்குல்ல, அத சுத்தம் பண்ணி தகர செட்டு போட்டா எட்டு பத்து வண்டி நிக்கும், டிரைவர் தூங்க நெழலும் ஆச்சுன்னு நான் தான் சொன்னேன். அவனுக்கு அது தோணவே இல்ல போல, மொகம் மலந்துருச்சு. கெஸ்ட்டோட பெட்டிய எறக்க மட்டும் சந்துல நிறுத்திக்கிறோம், டிரைவர் வண்டியிலயே இருப்பான், ஹாரன் அடிச்சா எடுத்துருவோம்னான். நான் சரின்னேன். எத்தன நிமிசம்னு அப்பச்சி கேட்டாக, நான் தான் விடுங்கன்னேன், எல்லாத்துக்கும் ஸ்டாப் வாட்ச்சா வைக்க முடியும்.

ஆனா அத ஒரு தாள்ல எழுதணும்னு அப்பச்சி பிடிவாதம் பிடிச்சாக, கடைசி வரிய மட்டும் அவுக கைப்பட எழுதுனாக: இந்த ஏற்பாட்டால் எந்தத் தரப்பின் பாத்தியமும் கூடவோ குறையவோ செய்யாது. சித்தப்பா கையெழுத்து போட்டு கூரியர்ல அனுப்பிட்டாக. இனிமே உன் கையெழுத்து தான் பாக்கி. பொட்டல்ல முள்ளு வெட்ட ஆள் விட்டிருக்காக, முழுசா முடிஞ்சா தான் நம்புவேன். நேத்துக்கூட ஒரு வேன் நின்னுச்சு, நான் போட்டோ எடுக்கிறத பாத்துட்டு தானா நகந்துருச்சு. போட்டோ எல்லாம் தேதியோட ஒரு ஆல்பத்துல போட்டு வைக்கிறேன், உன் தங்கச்சி சொல்லிக் குடுத்தா.

இப்ப நீ செய்ய வேண்டியது. குரூப்புல போட்ட அந்த இரும்பு போஸ்ட் மெசேஜ்க்கு மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம், சும்மா விடு, சித்தப்பாவுக்கு மட்டும் தனியா போன் போட்டு ஒடம்பு எப்படி இருக்குன்னு கேளு. மேனேஜர் நம்பருக்கு அப்பச்சி எழுதி வச்சிருக்கத அப்படியே அனுப்பு: "முன்பு நான் அனுப்பிய செய்தி மரியாதை கருதி எழுதப்பட்டது. மேற்படி பாதையில் எங்களுக்கு பத்திரப்படியும் நீண்டகால அனுபவப்படியும் பாத்தியம் உண்டு." ஒரு எழுத்து கூட்டவோ குறைக்கவோ வேணாம், ஸ்மைலி போடாத.

அப்புறம் பவர், அதான் உனக்கு பதிலா கையெழுத்து போட அதிகாரம் குடுக்கிற பத்திரம். வீடு உன் பேர்ல இருக்கிறதால நாளைக்கு நோட்டீஸ் விடணும்னாலும் கையெழுத்து உன்னது தான் வேணும், ஒவ்வொண்ணுக்கும் சிங்கப்பூர்ல இருந்து நீ வர முடியாது. அப்பச்சி பேருக்கு ஒரு பவர் எழுதி அங்க இந்திய ஹை கமிஷன்ல போயி அட்டெஸ்ட் பண்ணி அனுப்பு. இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் கட்டணும், அத அப்பச்சி பாத்துக்குவாக, ஆனா நீ அனுப்புறதுக்கு முந்தி எங்களுக்கு சொல்லு, போன தடவ மாதிரி கவர் வந்து பக்கத்து வீட்டுல கெடக்கக்கூடாது. டிராஃப்ட் நாளைக்கு மெயில்ல வரும். பாஸ்போர்ட்ல உன் பேரு எப்படி இருக்கோ அப்படியே இருக்கான்னு பாரு, இனிஷியல் முன்னாடியா பின்னாடியான்னு அப்பச்சிக்கு சந்தேகம்.

ஆத்தா