யாருடைய சாவி, எந்தச் சாவி

அன்பு மகளுக்கு,

உன் அறிக்கையில் "ப்ராஜெக்ட்'ஸ் மேனேஜர்" என்று எழுதியதை "ப்ராஜெக்ட் மேனேஜர்" என்று திருத்திவிட்டார்கள், ஏன் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வித்தியாசம் நமக்குப் புதிதல்ல. "வீட்டுச் சாவி எங்கே?" என்றுதான் கேட்போம். "வீட்டினுடைய சாவி" என்று யாரும் கேட்பதில்லை. அதுவே ஆள் என்றால் "அத்தையுடைய சாவி". முன்னது எந்தச் சாவி என்கிறது, பின்னது யாருடையது என்கிறது. ஆங்கிலத்திலும் வகையைச் சொல்லும்போது வெறும் பெயர் முன்னால் நின்றால் போதும்: "ஹவுஸ் கீ", "ஆபீஸ் சேர்", உன் "ப்ராஜெக்ட் மேனேஜர்". அந்தப் பெயரும் பெரும்பாலும் ஒருமையில்தான் நிற்கும். கடை நிறையச் செருப்பு இருந்தாலும் "ஷூ ஷாப்". குறிப்பிட்ட ஒருவருடையது என்றால்தான் அபாஸ்ட்ரஃபி (') என்ற குறியும் எஸ்ஸும்: "தி மேனேஜர்'ஸ் சேர்".

ஆனால் தமிழை நம்பிப் போனால் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நாம் மாட்டுப்பால் என்கிறோம், மாட்டுத்தோல் என்கிறோம், இரண்டும் ஒரே அமைப்பு. ஆங்கிலம் அங்கே பிரித்துப் பார்க்கிறது. உயிரோடு இருக்கும் பிராணி தருவது என்றால் பெரும்பாலும் உடைமை: "கவ்'ஸ் மில்க்". கொன்று எடுப்பது என்றால் வெறும் பெயர்: "சிக்கன் சூப்", "லாம்ப் சாப்". வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு வரும். பால் கறந்த பிறகும் மாடு அங்கே நிற்கிறது, பால் அதனுடையதாகவே இருக்கிறது! பாலாடைக்கட்டி மட்டும் கொஞ்சம் தளர்வு, "கோட்'ஸ் சீஸ்", "கோட் சீஸ்" இரண்டும் வழங்குகின்றன.

இன்னொன்று, மனிதர்களுக்கென்று ஆனவை. "சில்ட்ரன்'ஸ் ஹாஸ்பிடல்" குழந்தைகளின் சொத்து அல்ல, ஆனாலும் குறி வேண்டும். சில்ட்ரன், விமன் போன்ற சொற்களில் எஸ் இல்லாமலே பன்மை வந்துவிடுகிறது, அதனால் அங்கே குறியை விடவே முடியாது. "ஃபார்மர்ஸ் மார்க்கெட்" மாதிரி எஸ்ஸில் முடியும் பன்மையில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சிறப்புப் பெயர்களுக்கு இந்த விதியெல்லாம் செல்லாது, சூட்டியவர்கள் எழுதியபடியே எழுது. அமெரிக்காவில் படைவீரர்களுக்கான "வெட்டரன்ஸ் டே"க்குக் குறி கிடையாது. "மதர்'ஸ் டே"க்கு உண்டு, அதுவும் ஒருமையில். அந்த நாளுக்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸ், ஒவ்வொரு குடும்பமும் தன் ஒரே தாயைப் போற்றட்டும் என்று அதில் பிடிவாதமாக இருந்தார். 1914 இல் அமெரிக்காவில் அது அரசு அறிவித்த நாளானது. நாம்தான் அன்னையர் தினம் என்று எல்லாரையும் சேர்த்துக்கொண்டோம்.

"கம்பெனி பாலிசி", "கம்பெனி'ஸ் பாலிசி" இரண்டுமே சரிதான். முதலாவது பொதுவான விதியைச் சொல்லும், இரண்டாவது அந்த நிறுவனத்தை நினைவில் நிறுத்தும். எது வேண்டும் என்று நீயே முடிவு செய்.

அப்புறம், லீவு கேட்டு எழுதும்போது "டூ வீக்ஸ்' லீவ்" என்றால் எஸ்ஸுக்குப் பிறகு குறி. "எ டூ-வீக் லீவ்" என்றால் எஸ்ஸும் வேண்டாம், குறியும் வேண்டாம். எப்படி எழுதினாலும் சரி, தீபாவளிக்கு முன்னாலேயே கேட்டுவிடு. அப்பா இப்போதே டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
அம்மா